ஒகேனக்கல் மாதிரி இடத்துல டூரிஸ்ட் கூட்டத்த சமாளிக்க ஊரே பிளான் போடுறது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆடி 18 முடிஞ்ச மறுநாள் ஒகேனக்கல் எப்படி கெடக்கும்னு பென்னாகரம் பக்கத்துக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஷாம்பு பாக்கெட்டு, உடைஞ்ச பாட்டிலு, ஈரத்துணி, மீன் முள்ளு, பாதி சாப்பிட்ட பார்சல், அதுக்கு நடுவுல குரங்குக் கூட்டம். "கூட்டம் ஜாஸ்தி ஆயிடுச்சுப்பா, கட்டுப்படுத்தணும்"னு டீக்கடையில ஒரு வாரம் பேசுவோம், அப்புறம் எல்லாரும் அவங்கவங்க பொழப்பப் பாக்கப் போயிடுவோம்.

என் கருத்து என்னன்னா, தலைய எண்ணி "இத்தன பேருக்கு மேல வராதீங்க"ன்னு போர்டு வைக்கறது கடைசியா பண்ண வேண்டிய வேல. அதுக்கு முன்னாடி எது கெடுது, எங்க கெடுது, எதனால கெடுது, எது வரைக்கும் பொறுத்துக்கலாம், இந்த நாலையும் எழுத்துல வச்சுக்கணும். அத எப்படி பண்றதுன்னுதான் இங்க எழுதப் போறேன். ஊராட்சி மன்றத்துல இருக்கறவங்க, பரிசல்காரங்க, லாட்ஜ் வச்சிருக்கறவங்க, ஊர் இளைஞர் குழு, யார் வேணா எடுத்துப் பண்ணலாம். உதாரணம் முழுக்க தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமே எடுத்திருக்கேன், ஆனா கே.ஆர்.பி. டேம் பார்க்குக்கும் தீர்த்தமலைக்கும் இதே முறைதான்.

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன், வேகமா. 1964ல அமெரிக்காவுல ஆலன் வேகர்னு ஒரு வன ஆராய்ச்சியாளர் "ஒரு காட்டுக்கு எத்தன பேரத் தாங்குற சக்தி இருக்கு"ன்னு கேள்விய எழுப்பினாரு. மாட்டு மேய்ச்சலுக்கு கணக்கு போடுற மாதிரி மனுசனுக்கும் போட்டுடலாம்னு பலபேரு நெனச்சாங்க, ஆனா ஒரே எண்ணிக்கையில வர்ற ரெண்டு கூட்டம் ரெண்டு விதமா சேதம் பண்ணுது, நூறு பேரு அமைதியா பாத்துட்டுப் போறதும் பத்து பேரு தண்ணியடிச்சுட்டு பாறையில பாட்டில் உடைக்கறதும் ஒண்ணா? அதனால 1985ல அமெரிக்க வனத்துறை ஆளுங்க, ஜார்ஜ் ஸ்டான்கி, டேவிட் கோல் இவங்கல்லாம் சேர்ந்து கேள்வியவே மாத்துனாங்க. "எத்தன பேரு"ன்னு கேக்காத, "எவ்ளோ மாற்றம் வரைக்கும் ஒத்துக்கலாம்"னு கேளு. இந்த வழிகாட்டியோட முதுகெலும்பு அதுதான்.

படி 1: யார் யார் உக்காரணும்னு முடிவு பண்ணுங்க

ஒகேனக்கல்ல ஒரு குப்பத்தொட்டி வைக்கணும்னாலும் அது யார் இடம்னு மொதல்ல கேக்கணும். ஆத்துத் தண்ணி ஒரு துறை, கரைக்கு அந்தாண்ட காடு வனத்துறை, ரோடும் கடையும் ஊராட்சி இல்லன்னா ஒன்றியம், தங்குற விடுதி சுற்றுலாத்துறை, பாதுகாப்பு போலீசும் தீயணைப்பும், மேல கலெக்டர். ஆத்துக்கு எதிர்க்கரை கர்நாடகா, அங்கயும் பரிசல் ஓடுது, நாம இந்தப் பக்கம் என்ன ரூல் போட்டாலும் அந்தப் பக்கம் பேசாம விட்டா பாதி வேலதான் ஆகும். இதெல்லாம் ஒரு சார்ட் பேப்பர்ல எழுதி, ஒவ்வொரு இடத்துக்கும் நேரா யார் பொறுப்புன்னு போடுங்க. யாருக்கும் சொந்தமில்லாத இடம் ரெண்டு மூணு கண்டிப்பா வரும், பார்க்கிங்குக்கும் கடைத்தெருவுக்கும் நடுவுல உள்ள சந்து மாதிரி. குப்ப பூரா அங்கதான் சேர்ந்திருக்கும், போய் பாருங்க.

அதிகாரிங்கள விட முக்கியமா உக்கார வேண்டியவங்க அங்கயே பொழைக்கறவங்க. பரிசல் ஓட்டுறவங்க, எண்ணெய் மசாஜ் பண்றவங்க, நாம வாங்கிட்டுப் போற மீன கொழம்பாவும் வறுவலாவும் ஆக்கித் தர்ற அக்காங்க, மாங்கா வெள்ளரி விக்கறவங்க, துப்புரவுப் பணியாளருங்க. எந்த மணிக்கு எந்தப் பாறையில வழுக்கும், எந்த ஊர்க்காரங்க எப்ப வருவாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்கள கேக்காம போடுற பிளான் ஒரு ஞாயித்துக்கெழம கூட தாங்காது.

இதுக்கு தனியா ஒரு கமிட்டி ஆர்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். கிராம சபை வருசத்துக்கு 6 தடவ நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுல ஒரு தீர்மானம் போட்டுட்டா அதுக்கப்புறம் எந்த ஆபீசுக்குப் போனாலும் கையில ஒரு பேப்பர் இருக்கும். தீர்மானத்துல "சுற்றுலாவை மேம்படுத்த வேண்டும்"னு பொத்தாம் பொதுவா எழுதாதீங்க, "இந்த இந்த இடத்துல மாசாமாசம் கணக்கெடுக்கப் போறோம், இந்த இந்த துறை ஒத்துழைக்கணும்"னு எழுதுங்க.

படி 2: இடத்த துண்டு துண்டா பிரிங்க

ஒகேனக்கல்னு ஒரே இடம் கெடையாது. பஸ் ஸ்டாண்டு கடைத்தெரு ஒண்ணு, மசாஜ் பண்ணி குளிக்கற எடம் ஒண்ணு, பரிசல் துறை ஒண்ணு, தொங்கு பாலம், மீன் ஆக்குற எடம், முதலைப் பண்ணை பக்கம், அப்புறம் ஆத்த ஒட்டி மேல போற காட்டுப் பக்கம். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ரூல் வேணும். கடைத்தெருவுல சத்தம் இருந்தா பரவால்ல, அது கடைத்தெரு. நீர்மருது மரமும், நீர்நாயும், சாம்பல் மலை அணிலும் இருக்கற ஆத்தோர காட்டுல அதே சத்தம் ஆகாது.

மேப்ப பிரிண்ட் போட்டு மூணு கலர் அடிங்க. சிவப்பு: ஏற்கனவே மிதிபட்டு கான்கிரீட் ஆன எடம், கூட்டம் இங்கயே இருக்கட்டும். மஞ்ச: அளவோட போகலாம், ஆள் கூட இருக்கணும். பச்ச: யாரும் போகாம இருந்தா நல்லது.

இங்க ஒரு விசயம் நல்லா மனசுல வாங்கிக்கணும், நெறய பேரு தப்பா புரிஞ்சுக்கறது இதுதான். காட்டுத் தரையில மிதிபடறது பத்தி பல நாட்டுல பண்ண ஆராய்ச்சி ஒரே மாதிரி சொல்லுது: சேதத்துல பெரும்பங்கு ஆரம்பத்துல நடக்கற கொஞ்சம் பேராலயே வந்துடும், அதுக்கப்புறம் ஆயிரம் பேரு நடந்தாலும் கூடுதல் சேதம் கம்மி. அதாவது புல்லு செத்து மண்ணு இறுகிடுச்சுன்னா அதுக்கு மேல சாக என்ன இருக்கு. அதனால "ஒகேனக்கல்ல கூட்டம் ஜாஸ்தி, கொஞ்சம் பேர வத்தல்மலைக்கு திருப்பி விடலாம், காட்டுக்குள்ள புது வியூ பாயிண்ட் போடலாம்"னு யாராவது கெளம்புனா ஒடனே தலையாட்டாதீங்க. வத்தல்மலையில காப்பி, மெளகு போட்டு பொழைக்கற மலைக்கிராமங்க இருக்கு, கொண்டை ஊசி வளைவு ரோடு, அங்க கக்கூசும் குப்ப வண்டியும் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி கூட்டம் போய்ச் சேர்ந்தா ஒரே சீசன்ல முடிஞ்சுது கத.

படி 3: இப்ப நெலம என்னன்னு அளந்து வைங்க

இதுதான் சலிப்பான வேல, ஆனா இது இல்லாம மத்ததெல்லாம் வெறும் பேச்சு. மூணு நாள் தேர்ந்தெடுங்க: ஒரு சாதா புதன்கெழம, ஒரு சாதா ஞாயித்துக்கெழம, ஒரு திருவிழா இல்லன்னா லீவு நாள். மூணு நாளும் அதே எடத்துல அதே நேரத்துல அதே முறையில எண்ணணும்.

எதெல்லாம் எண்ணலாம்னா,

மணலோ மண்ணோ இருக்கற எடத்துல கயிறு கட்டி 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் போட்டு, அதுக்குள்ள எத்தன கண்ணாடித் துண்டு, எத்தன சாஷே பாக்கெட்டு, எத்தன பிளாஸ்டிக் கப்புன்னு தனித்தனியா. கண்ணாடிய கண்ணால பாத்து எண்ணுனா பாதி கூட கெடைக்காது, வெரலால மேல்மண்ண லேசா கெளறணும், கையுறை போட்டுக்கங்க. பச்ச பாட்டிலா ப்ரவுன் பாட்டிலான்னு கூட குறிச்சு வைங்க, எந்தக் கடை சரக்கு இங்க வருதுன்னு பின்னாடி கண்டுபிடிக்க உதவும்.

கரையில இருக்கற மரத்தோட வேரு எவ்ளோ வெளிய தெரியுதுன்னு ஒரே கோணத்துல போட்டோ. ஏதாவது பாறையில பெயிண்ட்ல ஒரு புள்ளி வச்சு அது மேல நின்னு எடுத்தா ஒவ்வொரு தடவையும் ஒரே ஃப்ரேம் வரும். பாறையில பெயிண்ட் அடிக்காதீங்கன்னு நாமதான் போர்டு வைக்கப் போறோம், அதனால சின்னப் புள்ளியா வைங்க.

குரங்கு. ஒரு பைய திண்ணையில வச்சுட்டு எத்தன நிமிசத்துல குரங்கு வந்து தொடுதுன்னு பாருங்க. கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா மனுசன் போடுற தீனிக்கு அது எவ்ளோ பழகிடுச்சுங்கறதுக்கு இத விட நேரான அளவு வேற இல்ல. அந்த நிமிசம் வருசத்துக்கு வருசம் கூடணும், கொறையுதுன்னா யாரோ விடாம தீனி போட்டுட்டு இருக்காங்க.

மணிக்கு ஒருதடவ தலை எண்ணிக்கை, பார்க்கிங்ல வண்டி எண்ணிக்கை, வண்டி நம்பர்ல எந்த மாநிலம்னு. கே.ஏ. வண்டி எத்தன, ஏ.பி. வண்டி எத்தனன்னு தெரிஞ்சாத்தான் போர்டு எந்த மொழியில வைக்கணும்னு தெரியும். பரிசல் க்யூவுல காத்திருக்கற நேரம், கக்கூஸ் க்யூ நேரம்.

கடைசியா தண்ணி. மாசு கட்டுப்பாட்டு வாரியத்து லேப்லயோ ஏதாவது காலேஜ் லேப்லயோ குடுத்து பாக்கலாம். குளிக்கற தண்ணிக்கு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் வச்சிருக்கற அளவு இது: 100 மில்லிக்கு மொத்த கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம்னு காட்டுற பாக்டீரியா) 500க்கு மேல போகக்கூடாது, பி.எச். (புளிப்புத்தன்மை, காரத்தன்மை அளவு) 6.5ல இருந்து 8.5க்குள்ள, கரைஞ்ச ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்கணும், பி.ஓ.டி. (தண்ணியில இருக்கற அழுக்கு மக்கறதுக்கு இழுக்கற ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. குளிக்கற எடத்துக்கு மேல ஒரு சாம்பிள், கீழ ஒரு சாம்பிள் எடுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம்தான் நம்மளால வந்த அழுக்கு, மேல இருந்தே அழுக்கா வந்தா அதுக்கு இங்க சோப்ப தடை பண்ணி பிரயோஜனமில்ல. அது மட்டுமில்ல, கீழ போற தண்ணி மேட்டூருக்குப் போகுது. ஃப்ளோரைடு தண்ணி குடிச்சு பல்லும் எலும்பும் கெட்ட நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல வர்றதும் இந்த ஆத்துத் தண்ணிதான்.

படி 4: எது வரைக்கும் பொறுத்துக்கலாம்னு எண்ணுல எழுதுங்க

"சுத்தமா இருக்கணும்" அப்படிங்கறது எல்லை இல்ல, அது ஆசை. "குளிக்கற எடத்து சதுரத்துல கண்ணாடித் துண்டு 5க்கு மேல இருக்கக்கூடாது, பச்ச ஏரியாவுல ஒண்ணு கூட கூடாது" இது எல்லை. "பரிசலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல யாரும் நிக்கக்கூடாது" இதுவும் எல்லை. இந்த எண்ணெல்லாம் நான் சும்மா உதாரணத்துக்குப் போட்டது, படி 3ல வந்த கணக்க முன்னாடி வச்சுட்டு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க, சண்ட வரும், வரட்டும், இந்த சண்ட மேசையில நடந்தா பின்னாடி ஆத்தங்கரையில நடக்காது.

முடிவு பண்றப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கங்க: இந்த சேதம் திரும்ப சரியாகுமா? குப்பைய பொறுக்கிடலாம், சோப்பு நொரை ஒரு வெள்ளத்துல போயிடும். ஆனா கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்துல பெருங்கற்கால கற்திட்டைங்க (செத்தவங்களுக்காக பழங்காலத்துல பலகைக் கல்லு வச்சு கட்டுனது) இருக்கு, அதுல ஒருத்தன் ஆணிய வச்சு ஹார்ட்டு போட்டு பேரு கீறுனான்னா அது போகவே போகாது. அங்க எல்லை பூஜ்யம்தான், பேச்சுவார்த்தையே கெடையாது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, ராயக்கோட்டைக் கோட்டைச் சுவருக்கும் அதே.

படி 5: மருந்துக்கு முன்னாடி நோயப் பாருங்க

ஒவ்வொரு பிரச்சனைக்கும் நேரா "எண்ணிக்கையா, பழக்கமா, நேரமா, எடமா"ன்னு கேளுங்க. கண்ணாடித்துண்டு எண்ணிக்கையால வர்றதில்ல, பழக்கத்தால வருது. பரிசல் க்யூ எண்ணிக்கை இல்ல, நேரம்: எல்லாரும் 11 மணிக்கே வந்து நிக்கறாங்க, காலையில 8 மணிக்கு பரிசல்காரங்க சும்மா உக்காந்திருக்காங்க. ஆத்துல எண்ணெய்ப் படலம் வர்றது எடப் பிரச்சனை, மசாஜுக்கும் அருவிக்கும் நடுவுல எண்ணெயக் கழுவ எடமே இல்ல. உண்மையிலயே எண்ணிக்கையால மட்டும் வர்றதுன்னு பாத்தா பார்க்கிங்கும் கக்கூசும்தான் பெரும்பாலும் மிஞ்சும்.

அந்த ரெண்டுக்குத்தான் தாங்குதிறன் கணக்கு போடணும். 1992ல மிகேல் சிஃபுவென்டெஸ்னு ஒருத்தர் கோஸ்டாரிக்காவுல ஒரு முறைய சொன்னாரு, மூணு அடுக்கா போகும், நம்ம ஊருக்கு இப்படி வச்சுக்கங்க. குளிக்கற எடம் 600 சதுர மீட்டர், ஒரு ஆளுக்கு 3 சதுர மீட்டர்னா ஒரே நேரத்துல 200 பேரு. 8 மணி நேரம் தொறந்திருக்கு, ஒருத்தர் சராசரியா 2 மணி நேரம் குளிக்கறாருன்னா 4 சுத்து, ஆக நாளைக்கு 800 பேரு. இது முதல் அடுக்கு. அதுல கால்வாசி எடம் வழுக்குப்பாறை, கயிறு கட்டி மூடியிருக்கு, அப்ப 600. இது ரெண்டாவது. இப்ப கக்கூஸ் எண்ணுங்க. 6 கக்கூஸ் இருக்கு, ஒருத்தருக்கு 4 நிமிசம்னா ஒரு கக்கூஸ்ல மணிக்கு 15 பேரு, ஆறுக்கும் சேர்த்து 90, 8 மணி நேரத்துக்கு 720 தடவ. ஒருத்தர் நாளைக்கு ரெண்டு தடவ போனாருன்னா 360 பேருக்குத்தான் ஆச்சு. இது மூணாவது அடுக்கு, நிர்வாகம் தாங்கற அளவு. பாறை 600 பேரத் தாங்குது, கக்கூஸ் 360 பேரத்தான் தாங்குது! மிச்சம் 240 பேரு எங்க போவாங்கன்னு உங்களுக்கே தெரியும். இப்ப 360ல நிறுத்தறதா, இன்னும் 4 கக்கூஸ் கட்டி 600க்கு கொண்டு போறதான்னு ஊரு முடிவு பண்ணலாம். இந்த எண்ணெல்லாம் கணக்கு புரியறதுக்கு, உங்க எடத்த டேப் வச்சு அளந்து போடுங்க. லேடீஸ் கக்கூஸுக்கு 4 நிமிசம் பத்தாது, ஈரத்துணி மாத்தற எடத்துக்கு இன்னும் ஜாஸ்தி, அத தனியா போடுங்க.

படி 6: நடவடிக்கை

*குப்ப.* பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்ட்ரா, கேரி பேக், தண்ணி பாக்கெட் இதெல்லாம் 2019 ஜனவரி 1ல இருந்தே தமிழ்நாடு முழுக்க தடை, அத அமல்படுத்துனாலே கொஞ்சம் கொறையும். பாட்டிலுக்கு டெபாசிட்தான் வழி. டாஸ்மாக்ல பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டில குடுத்தா திருப்பித் தர்ற முறை 2022ல நீலகிரியில ஆரம்பிச்சது. தண்ணி பாட்டிலுக்கும் அதே மாதிரி நுழைவுலயே ஸ்டிக்கர் ஒட்டி, வெளிய போறப்ப காட்டுனா காச திருப்பிக் குடுக்கலாம். டூரிஸ்ட் போட்டுட்டுப் போனாலும் பரவால்ல, பொறுக்கி எடுக்கறவங்களுக்கு அந்த காசு, எப்படியோ பாட்டில் வெளிய போயிடும். ஷாம்பு சாஷேக்கு டெபாசிட் முடியாது, அதுக்கு வேற வழி, கடைக்காரங்க சேர்ந்து பெரிய கேன்ல சீயக்காய்த்தூளும் ஷாம்பும் வச்சு சின்ன கிண்ணத்துல ஊத்தி விக்கலாம், லாபமும் ஒரு பைசா கொறையாது.

*எண்ணெய்.* ஒகேனக்கல்னாலே மசாஜ், அத தடை பண்ணணும்னு பேசறவங்க மேல எனக்கு கோவம்தான் வரும், எத்தன குடும்பம் அதுல சாப்பிடுது. பண்ண வேண்டியது மசாஜ் எடத்துக்கும் ஆத்துக்கும் நடுவுல வரிசையா ஷவர் போட்டு, அந்தத் தண்ணி எண்ணெய் பிரியற தொட்டி வழியா போய் உறிஞ்சுகுழியில எறங்கற மாதிரி பண்றது. தொட்டி பெரிய விஞ்ஞானம் இல்ல, ரெண்டு தடுப்பு உள்ள சிமெண்ட் தொட்டி, எண்ணெய் மேல மெதக்கும், கீழ இருக்கற தண்ணி மட்டும் அடுத்த அறைக்குப் போகும். மேல சேர்றத வாரம் ஒருதடவ வழிக்கணும். வழிக்க ஆளு, சம்பளம் ரெண்டும் பிளான்லயே இருக்கணும், இல்லன்னா ஒரே மாசத்துல தொட்டி அடைச்சுக்கும், நாறும், அப்புறம் ஷவருக்கு யாரும் வரமாட்டாங்க.

*பரிசல்.* டோக்கன்ல நேரம் அடிச்சுக் குடுங்க, காலையில போறவங்களுக்கு கட்டணத்துல சலுகை குடுங்க, கூட்டம் தானா பரவும். லைஃப் ஜாக்கெட் இல்லாம ஒரு ஆளு கூட ஏறக்கூடாது, இதுல தாட்சண்யமே வேணாம். ஜாக்கெட் இருந்தா மட்டும் போதாது, பக்கிள் வேல செய்யுதா, குழந்த சைஸ் இருக்கா, வேர்வ நாத்தம் அடிக்காம காய வச்சிருக்காங்களா. நாறுன ஜாக்கெட்ட எவனும் போடமாட்டான், கையில வச்சுட்டு போட்டோ எடுப்பான். செல்ஃபிக்கு எந்திரிச்சு நிக்கறவங்கள என்ன பண்றதுன்னு பரிசல்காரங்களே ஒரு ரூல் எழுதட்டும், "உக்காரலன்னா கரைக்குத் திருப்பிடுவேன், காசு வாபஸ் கெடையாது" அப்படின்னு டோக்கன் பின்னாடி அச்சடிச்சுட்டா அவங்களுக்கும் வாய்ச்சண்ட மிச்சம்.

*தண்ணி ஏறுற நாளு.* கர்நாடகாவுல கபினி, கே.ஆர்.எஸ். அணைய தொறந்தா, தண்ணி வரத்த அளக்கற பிலிகுண்டுலுல கனஅடி ஏறும், கலெக்டர் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவாங்க. ஆனா பெங்களூருல இருந்து வர்ற குடும்பத்துக்கு அது கேட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியுது, அப்புறம் "இவ்ளோ தூரம் வந்துட்டோம்"னு தடை இல்லாத மாதிரி தெரியற ஏதாவது ஒரு சந்துல எறங்கி குளிக்கறாங்க, உசிரு போறது அங்கதான். அதனால அறிவிப்பு ஒகேனக்கல்ல மட்டும் இருந்தா வேஸ்ட். தருமபுரி பஸ் ஸ்டாண்டு, பென்னாகரம், ஓசூர், அஞ்செட்டி இங்கயெல்லாம் போர்டு வேணும், கன்னடத்துலயும் தெலுங்குலயும் சேர்த்து. லாட்ஜ்காரங்க புக்கிங் பண்ணவங்களுக்கு காலையிலயே வாட்ஸ்அப் அனுப்பணும். தடை நாள்ல பரிசல்காரங்களுக்கு வருமானம் இல்ல, ஒரு வாரம் பத்து நாளுன்னு இழுத்துடும். நல்ல நாள் கட்டணத்துல ஒரு பங்கு ஒதுக்கி அந்த நாளுக்கு குடுக்கற மாதிரி நிதி வச்சா "கொஞ்சம் தண்ணி எறங்குனா விட்டுடுங்கண்ணா"ங்கற அழுத்தமும் கொறையும்.

*யானை ரோடு.* ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியா வர்றவங்க காட்டுக்குள்ளதான் வர்றாங்க. அந்தப் பக்கத்துக் காடுங்கதான் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமா 2014ல அறிவிக்கப்பட்டது, யானை நடமாட்டம் உள்ள பகுதி. வண்டிய நிறுத்தக்கூடாது, எறங்கி சாப்பிடக்கூடாது, பொழுது சாஞ்சு கெளம்பக்கூடாது. இத வெறும் போர்டா வைக்காம ஒகேனக்கல்ல இருந்து கெளம்புற நேரத்த கட்டுப்படுத்துங்க, கடைசி பரிசல் டோக்கன கொஞ்சம் முன்னாடி முடிச்சா வண்டிங்க வெளிச்சத்துலயே காட்ட தாண்டிடும். ரெண்டும் சம்பந்தமில்லாத மாதிரி தெரியும், ஆனா யானை ரோட்டுக்கான கட்டுப்பாடு பரிசல் துறையிலதான் இருக்கு.

*குரங்கு.* தீனி போடுறவங்கள அதட்டறதோட, மூடி உள்ள தொட்டி, மீன் ஆக்குற எடத்துக்கு கம்பி வலை. மிச்சத்த அந்தந்த நாளே சாயங்காலம் அள்ளிடணும், ராத்திரி விட்டா எல்லாம் வீண்.

எண்ணிக்கைக் கட்டுப்பாடு கடைசியா. ஊட்டி கொடைக்கானலுக்கு சென்னை ஐகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல வண்டி எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வச்சாங்க, ஊட்டிக்கு சாதா நாள்ல 6,000, வார கடைசியில 8,000. அது மலை, ரெண்டு மூணு வழியில செக்போஸ்ட் வச்சுடலாம். நமக்கு அவ்ளோ தூரம் போக வேணாம்னு நெனைக்கறேன், பார்க்கிங்தான் கூட்டத்த தொறந்து மூட நம்ம கையில இருக்கற குழாய். 300 கார் நிக்கற எடம்னா 300 முடிஞ்சதும் பென்னாகரத்துலயே நிறுத்தி அங்கிருந்து மினி பஸ் விடணும். ரோட்டோரம் நிறுத்த விட்டுட்டு எத்தன பாஸ் குடுத்தாலும் அர்த்தமில்ல.

படி 7: காசு எங்க போகுதுன்னு ஒட்டி வைங்க

பார்க்கிங், நுழைவு, பரிசல், மீன் ஆக்குற எடம்னு பல கையில காசு வாங்கறாங்க. டூரிஸ்டுக்கு எரிச்சல் காசு குடுக்கறதுல இல்ல, காசு குடுத்தும் கக்கூஸ்ல தண்ணி வராததுல. ஒரே சீட்டு, அதுல எவ்ளோ பங்கு சுத்தம் பண்ண, எவ்ளோ பரிசல்காரருக்கு, எவ்ளோ ஊராட்சிக்குன்னு அச்சடிச்சிருக்கணும். மாசக் கடைசியில வரவு செலவ பஸ் ஸ்டாண்டுல பெரிய போர்டுல எழுதுங்க. சுத்தம் பண்ண ஒதுக்குற காசுக்கு தனி கணக்கு, தீர்மானம் இல்லாம வேற செலவுக்கு எடுக்கக்கூடாதுன்னு முதல் கிராம சபையிலயே எழுதி வாங்கிடுங்க. பின்னாடி வாங்க முடியாது.

படி 8: ஒரு ஞாயித்துக்கெழம சோதனை, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருதடவ கணக்கு

எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா எது வேல செஞ்சுதுன்னே தெரியாது. மொதல்ல ரெண்டு: பாட்டில் டெபாசிட், நேரம் போட்ட பரிசல் டோக்கன். சாதா ஞாயித்துக்கெழமையா பாத்து ஆரம்பிங்க. அதே சதுரம், அதே பெயிண்ட் புள்ளி, அதே குரங்கு நிமிசம். எண்ணு கொறஞ்சா தொடருங்க. கொறையலன்னா ரெண்டு காரணம்தான், ஒண்ணு காரணத்த தப்பா புடிச்சிருக்கோம், இல்லன்னா நடவடிக்கை பேப்பர்லயே நின்னுடுச்சு. ரெண்டாவதுதான்னு வச்சுட்டு மொதல்ல தேடுங்க, அதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி.

ரெண்டு தடவ தொடர்ந்து எல்லை தாண்டுனா என்ன பண்றதுன்னு முன்னாடியே எழுதி வச்சிருக்கணும், தாண்டுனப்புறம் கூடிப் பேசுனா "இந்த சீசன் போகட்டும்"னுதான் முடியும். பச்ச ஏரியாவுல தாண்டுனா அந்தப் பாதைய மூடுறது, மஞ்சளுக்கு ஆள் எண்ணிக்கைய கொறைக்கறது, சிவப்புக்கு கூடுதல் கக்கூஸ், கூடுதல் துப்புரவு ஆளு. மூடுறதுக்கு பயப்பட வேணாம். தாய்லாந்துல மாயா பேங்கற கடற்கரைய 2018 ஜூன்ல மூடி 2022 ஜனவரியிலதான் தொறந்தாங்க, தொறந்தப்புறம் படகு உள்ள வரக்கூடாது, பின்பக்கம் எறங்கி நடந்து வரணும்னு வச்சுட்டாங்க. நமக்கு முழு ஒகேனக்கலையும் மூட வேண்டிய தேவை இல்ல, ஒரு பாதை, ஒரு பாறை, ஒரு ஆறு மாசம் போதும்.

எண்ண ஆள் வேணுமே? பென்னாகரம், தருமபுரி காலேஜ்ல என்.எஸ்.எஸ். பசங்க இருக்காங்க, ஒரு டீமுக்கு ரெண்டு பேரு, கூட ஒரு பரிசல்காரர். ஃபார்ம் ஒரே பக்கம் இருக்கணும், ரெண்டு பக்கம் ஆனா ரெண்டாவது பக்கத்த யாரும் நெரப்ப மாட்டாங்க. மொதல் கணக்க ஏப்ரல் கடைசியில, ஸ்கூல் லீவுக் கூட்டம் இருக்கறப்பவே எடுத்துடுங்க, மே 1 கிராம சபைக்கு கையில எண்ணோட போகலாம், தென்மேற்குப் பருவமழையில தண்ணி ஏறுறதுக்குள்ள ஷவர் தொட்டிக்கு குழி தோண்டியும் முடிச்சுடலாம்.